ஆறாம் இயலில் ஒரு காற்புள்ளி

அந்த வாக்கியத்தில் காற்புள்ளியை வேண்டுமென்றே விட்டேனா, கை தவறியதா என்று இன்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வேண்டுமென்றுதான் என்று நினைக்கவே பிடித்திருக்கிறது.

என் நெறியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் காற்புள்ளி. எதைக் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவால் காற்புள்ளி மட்டும் போடுவார். வாக்கியம் என்ன சொல்கிறது என்று பார்க்கமாட்டார். பேருந்து நிலைய அறிவிப்புப் பலகைகளின் மொழிக்காக மூன்று வருடம் அலைந்து, மற்ற இயல்களை எல்லாம் முடித்தபிறகே முன்னுரையை எழுதினேன். பின்னணி, சிக்கல், இதுவரை யாரும் தொடாத இடம், என் கேள்வி, அதன் எல்லை, கடைசியில் இயல் பகுப்பு. ஒவ்வொன்றும் அடுத்ததைக் கையைப் பிடித்து அழைத்து வரும்.

"நல்லா வந்திருக்கும்மா," என்றார். "நம்ம மாப்பிள்ளையும் ஆய்வேடு எழுதுறாரில்ல, அவருக்கு முன்னுரைதான் உதைக்குது. ஆஸ்பத்திரிப் பலகைன்னு மாத்தி அவருக்குக் குடுத்துடு. நீ வேற எழுதிக்கோ."

"சார், அது என்னோடது."

"முன்னுரைதானே? உன் சொத்தையா எழுதிக் கேட்டேன்? என் கையெழுத்து வேணுமா, வேணாமா?"

மூன்றாம் நாள் மாற்றிக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் ஆய்வேட்டில் ஐந்து இயல்கள்தான். இயல் பகுப்பில் நான் ஆறாவதைச் சேர்த்திருந்தேன்: "இம்முன்னுரையை எழுதியவர் யார் எடுத்துக்கொண்டவர் யார் என்பதை ஆறாம் இயல் ஆராய்கிறது."

முதல் 'யார்' பக்கத்தில் சிவப்பாக ஒரு காற்புள்ளி போட்டுத் திருப்பித் தந்தார். சுத்தமாகத் தட்டச்சு செய்து கொடுத்தேன்; சிவப்பு மை பட்ட தாளை வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையும் படிக்கவில்லை. மாமனார் பார்த்தாயிற்று என்ற தைரியம்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா அந்த வரியை உரக்கப் படித்தார். "ஆறாவது இயலைக் காணோமே, தம்பி?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார், "அச்சுப்பிழைங்க," என்றார்.

"எழுத்துப்பிழை பார்த்திருக்கேன். ஒரு இயலே பிழையா வந்து இப்பத்தான் பார்க்கிறேன்."

கடைசி வரிசையில் எழுந்தேன். "ஆறாவது இயல் என்கிட்ட இருக்குங்க மேடம். ஒரே பக்கம்தான். சாரே திருத்திக் குடுத்தது."

தாளை மேசையில் வைத்தேன். தன் காற்புள்ளியைத் தானே பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். இரக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

விசாரணைக்குப் பின் அவருக்கு ஆய்வு மாணவர்களைத் தருவதை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை ஆய்வை விட்டுவிட்டு மருந்து விற்பனைக்குப் போனார். எனக்கு வேறொரு நெறியாளரிடம் இரண்டு வருடம் கழித்துப் பட்டம் கிடைத்தது. என் பேருந்து நிலைய முன்னுரையில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.