நாவல்பழக் கலர்

வேட்டியில் புவனா கறுப்புச் சேலை கட்டி நின்றுகொண்டிருந்தாள்.

கூடத்துச் சுவர் சந்தனக் கலர் என்பதால் படமெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. அதனால் தம்பி கிருபாசங்கரின் எட்டு முழ வேட்டியைச் சுவரில் கட்டி, அதன்மேல் அவனுடைய புது புரொஜெக்டரைத் திருப்பி, வீடியோவைத் தான் நிற்கும் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். மேல்முனைகள் இரண்டும் ஆணியில் இருந்தன, கீழ்முனைகள் காற்றில் ஆடின. கல்யாண வீடியோ பார்க்க ஈரோட்டிலிருந்து ராசாத்தாள் அத்தை கார் வைத்துக்கொண்டு கிளம்பியாயிற்று. அவர் வாசலுக்கு வருமுன் அந்தச் சேலையைக் கறுப்பிலிருந்து மீட்டாக வேண்டும்.

தம்பி கல்யாணத்தில் இணைச்சீர்க்காரி அவள்தான். மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் அவன் பக்கத்தில் சரிசமமாக நின்று சீர் வாங்குகிற இடம் அது. அந்த இடத்தில் கறுப்பு கட்டி நிற்க யாருக்காவது பைத்தியமா? அவள் கட்டியது நாவல்பழக் கலர் பட்டு, கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது. மண்டப வெளிச்சமோ கேமராக்காரரின் கைவண்ணமோ, வீடியோவில் கரியாகிவிட்டது. போனில் வந்த ஒரு துண்டைப் பார்த்துவிட்டு, "தன்ற நாத்தனாளத் தம்பி கட்டிக்கலைன்னு கறுப்புக் கட்டிட்டு வந்து நின்னா பாருங்க" என்று அத்தை ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லி முடித்திருந்தார்.

நாத்தனாரைத் தம்பிக்குக் கேட்டது உண்மை. அவன் கூடப் படித்த ரித்திகாவைத்தான் கட்டுவேன் என்று நின்றதும் உண்மை. அதற்காகத் தம்பி கல்யாணத்தில் துக்கம் கொண்டாடுகிற ஆளா அவள்?

ரிமோட்டில் 'விவிட்' என்று இருந்ததை அமுக்கினாள். மணமக்கள் இருவரும் மாம்பழமானார்கள். சேலை அசையவில்லை. 'கூல்' என்றதை வைத்தாள். மாலையெல்லாம் நீலம் பாய்ந்தது.

"உடுங்க்கா. எம்பட மூஞ்சியப் பாருங்க, பேய் மாதர இருக்குது. ஒரு சீலைக்கு இத்தன அக்கப்போரா?" என்றான் கிருபாசங்கர்.

"பேச்சு வாங்கறது நானு கண்ணு. நீ போயிக் காப்பிக்குப் பாலு வாங்கியா."

அவன் போனான். அவள் பட்டியலின் அடிக்கு இறங்கினாள். 'காமா' என்று ஒன்று இருந்தது. என்ன எழவென்று தெரியாமலே ஏற்றினாள். வெளிச்சமான இடங்கள் அப்படியே இருக்க, இருட்டு மட்டும் மெல்ல விலகியது. முதலில் ஜரிகை, பிறகு கொசுவ மடிப்புகள், பிறகு முழுச் சேலையும் நாவல்பழக் கலரில் எழுந்து வந்தது.

கண் மேலே போனது. இருட்டில் கிடந்த அவள் முகமும் எழுந்து வந்திருந்தது. எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, அவள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு ரித்திகாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுப்பு. அதற்கு வேறு பேர் வைக்க முடியாது. தான் அப்படிப் பார்த்தது இத்தனை நாள் அவளுக்கே தெரியாது. கட்டைவிரல் தானாகக் கழித்தல் பொத்தானுக்கு நகர்ந்தது. இரண்டு அமுக்கு அமுக்கினால் முகம் போய்விடும், கூடவே சேலையும் கறுத்துவிடும்.

பின்னால் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. முறுக்குக் கொண்டுவந்த ரித்திகா வேட்டியையே பார்த்து நின்றாள்.

"நாவப்பழக் கலருங்களா அண்ணி? நா கறுப்புன்னே நெனச்சுட்டு இருந்தனுங்க."

புவனா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். "மூஞ்சியப் பாத்தியா அம்மணி?"

"அத அன்னிக்கே பாத்துட்டனுங்க அண்ணி."

வெளியே கார் நின்றது. "ஏனுங்க, ஊட்டுல ஆருங்க?" என்று அத்தையின் குரல் முன்னால் வந்தது.

புவனா 'சேவ்' என்றதை அமுக்கிவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்தாள். காற்றுக்கு வேட்டி சுருங்க, அந்த முகம் கோணியது. போய் ஒரு கீழ்முனையைப் பிடித்து இழுத்தாள். நேராகவில்லை. ரித்திகா வந்து குனிந்து மறுமுனையைப் பிடித்தாள்.