குழந்தையம்மாளின் ஒரு கை தூரம்

கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பொங்கியண்ணனால் ஒரு வருஷம் போலத் தன் மனைவி குழந்தையம்மாளுக்கு ஒரு கை தூரத்துக்குள் போக முடியவில்லை. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. கிட்டே போனால் வழுக்கும், அவ்வளவுதான். வெறுங்காலோடு போனாலும் வழுக்கும், செருப்பு போட்டுப் போனாலும் வழுக்கும், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் நாற்காலியோடு சேர்ந்து சுவரோரம் போய் நிற்பார். வெயில், மழை மாதிரி அந்த வீதிக்கே அது பழகிப்போயிருந்தது.

விஷயம் ஒரு செயின் பறிப்பில் ஆரம்பித்தது. மகள் அக்ஷயாவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம், பூ மார்க்கெட் போய்விட்டு பஸ் இறங்கி நடந்த குழந்தையம்மாளின் தாலிக்கொடியை பைக்கில் வந்த ஒருவன் எட்டி இழுத்தான். கொடி அறுபடவில்லை, கழுத்தில் சிவப்பாய் ஒரு கோடு விழுந்தது. அன்று சாயங்காலமே பொங்கியண்ணன், மனைவி தற்காப்புக் கலை கற்க வேண்டும் என்று முடிவு செய்தார். எதைக் கற்பது என்பதையும் அவரே முடிவு செய்தார். முதலில் கராத்தே. குழந்தையம்மாள் ஒரு பையனை உதைத்துவிட்டு, மறுநாள் அவனுக்குத் தைலமும் ஒரு தூக்குப்போசி நிறைய அரிசிம்பருப்புச் சாதமும் கொண்டுபோனார். அதற்கப்புறம் அங்கே எல்லாப் பையன்களும் உதை வாங்க வரிசையில் நின்றார்கள், மாஸ்டர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்து சிலம்பம். டவுன் பஸ் கண்டக்டர் கம்புக்கும் டிக்கெட் கேட்டார், அதோடு அதுவும் நின்றது. ஜூடோவில் எதிராளியின் காலரைப் பிடித்து இழுக்கச் சொன்னால், அந்தம்மா காலரை நீவிவிட்டு மேல் பட்டனையும் போட்டுவிட்டார்.

பிறகு குழந்தையம்மாள் தானாகவே ஒரு வகுப்பைத் தேடிக்கொண்டார். ரவிக்கை தைக்கும் முகமது ரியாஸின் அக்கா யாஸ்மின் கோட்டைமேட்டில் ஒரு மாடி ஹாலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். "குத்து, உதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ங்க்கா. மொதல்ல கைய நீட்டுங்க. இந்த நீளம் பூராவும் உங்க ஊடு. உள்ள ஆரு வாரதுன்னு நீங்கதான் சொல்லோணும்" என்றார் யாஸ்மின். பாடம் அவ்வளவேதான். குழந்தையம்மாள் அதை வாசல் தெளிக்கும்போதும் மாவு ஆட்டும்போதும் பழகினார். ஆடி பிறந்தபோது பலித்துவிட்டது. அதே பைக்குக்காரன் அதே இடத்தில் மறுபடி கையை நீட்டினான். ஒரு கை தூரத்தில் பைக் தானாகத் திரும்பி, அவன் பிரேக்கை அழுத்த அழுத்த நிற்காமல் ஓடி, பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணைக்குள் புகுந்துதான் நின்றது. அங்கேயே தீவனம் போடும் வேலையில் சேர்ந்து இன்றைக்கும் நல்லபடியாக இருக்கிறான். காந்திபுரம் பஸ்ஸில் மூச்சு விட இடமில்லாத கூட்டத்திலும் அந்தம்மாவைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் கிடந்தது. கைக்குழந்தைக்காரிகள் அவர் ஏறும் பஸ்ஸுக்காகவே காத்திருந்து, "உள்ள வரட்டுங்களா?" என்று கேட்டு வந்து நின்றுகொண்டார்கள்.

பைக்குக்காரன் அப்படிப் போன அன்று பொங்கியண்ணன் பட்டறை முழுக்க ஜிலேபி கொடுத்தார். வீட்டுக்கு வந்து, மனைவி கையிலிருந்த காபி டம்ளரை வழக்கம்போல் எட்டி வாங்கப்போனார். வழுக்கிக்கொண்டு வாசற்படி வரை போனார். காபி சிந்தவில்லை. அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல்தான். காய்க்காரி அந்தக் கை தூரத்துக்குள்ளே போனாள், அடுத்த வீட்டுக் கைக்குழந்தை போனது, ஒருநாள் ரியாஸ் இன்ச் டேப்போடு வந்து, "அளவு எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு நேராகப் போய் அளவெடுத்துக்கொண்டு திரும்பினான். முப்பது வருஷத்துக்கு முன் தாலி கட்டியவர் சுவரோரம் நின்று அதைப் பார்த்தார். அவர் மூச்சின் அனலில் மேலே கட்டியிருந்த கொடிக்கயிற்றில் ஈரத்துணி காய்ந்துபோனது.

உடைத்துக்கொண்டு உள்ளே போவதற்கு ஒரு கலை இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தார். ஐம்பத்தெட்டு வயதில் கராத்தே சேர்ந்து, பாய்ந்து வந்ததில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்தார். பாக்ஸிங் பழகியதில் கேட்டுக்கு வெளியே போனார். பாலக்காட்டுக்குப் போய்க் களரி கற்று, உடம்பெல்லாம் எண்ணெயோடு வந்ததில் சரவணம்பட்டி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போய் ஷேர் ஆட்டோவில் திரும்பினார். கடைசியில் கோட்டைமேட்டுக்கே போனார்.

"ஏனுங், எங்கூட்டு அம்மணிக்கு என்ற மேல என்னமோ சொல்லிக் குடுத்துப்போட்டீங்களாட்ட இருக்குது?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங் சார். அக்காவையே கேட்டுப் பாருங்களேன்" என்றார் யாஸ்மின்.

மாட்டுச் சந்தையில் ஆளை ஏமாற்றும் தரகர்களைச் சின்ன வயசிலிருந்தே பார்த்துப் பழகியவர் பொங்கியண்ணன். இது ஏதோ ரகசியத்தை மறைக்கும் பேச்சு என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இதற்குள் கல்யாண நாள் நெருங்கியது. பெண்ணைத் தாரை வார்க்கும்போது பெற்றவர்கள் இருவரும் ஒட்டி நின்று ஒரே செம்பைப் பிடித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சம்பந்தி வீடு சீர் முறையில் ஒரு வெற்றிலை குறைந்தாலும் எழுந்துபோகிற வீடு. "அப்பா, மண்டபத்துல வழுக்கிறாதீங்கப்பா, என்ற கல்யாணம் நின்னுபோயிருமுங்க" என்று அக்ஷயா அழுதாள். பொங்கியண்ணன் மண்டபத்தில் கனமான ஜமுக்காளம் விரிக்கச் சொன்னார். பட்டறையில் சொல்லிப் பித்தளை ஆணி அடித்த செருப்பும் செய்துகொண்டார். மணவறையில் செருப்பு ஆகாது என்பது முகூர்த்தத்தன்றுதான் நினைவுக்கு வந்தது.

கல்யாணச் சடங்குகளை நடத்தும் அருமைக்காரர், "பெத்தவங்க வாங்க, செம்பப் புடிங்க" என்றார். பொங்கியண்ணன் அடி எடுத்து வைத்தார். ஜமுக்காளத்தோடு பின்னால் போனார். மறுபடி வந்தார், மறுபடி போனார். சம்பந்தி வீட்டில் நாலு பேர் எழுந்துபோகத் துண்டை உதறினார்கள். பொங்கியண்ணனுக்குக் கோபம் வந்தது, மாப்பிள்ளையின் அம்மா குழந்தையம்மாளின் தோளில் கைபோட்டு நிற்பதைப் பார்த்துப் பொறாமையும் வந்தது. பிறகு இரண்டும் போய், வேறு வழி எதுவும் மிச்சமில்லாமல், மணவறையருகே நின்று குரலை இறக்கினார்.

"அம்மணி, நான் பக்கத்துல வரட்டுமா?"

குழந்தையம்மாள் அவரைப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் இரண்டு பாட்டு வாசித்து முடிக்கும்வரை பார்த்தார்.

"இன்னைக்கு வேண்டாமுங்க. இவ்வளவு நாளு கழிச்சுக் கேக்கறீங்க, நானும் ரோசன பண்ணோணுமல்ல? கைய நீட்டுங்க, செம்பு வரும்."

தானும் கையை நீட்டினார். இருவர் விரல்நுனியிலும் செம்பு நின்றது. ஒரு கை தூரம் இடைவெளி அப்படியே இருக்க, தண்ணீர் செம்பிலிருந்து எழும்பி, வளைந்து, சொட்டுச் சிந்தாமல் அக்ஷயாவின் கையில் போய் விழுந்தது. மண்டபம் வாயைப் பிளந்தது. தனக்குத் தெரியாத முறை ஒன்று உண்டென்று ஒப்புக்கொள்ள அருமைக்காரருக்கு மனம் வரவில்லை. "இது ஆனைமலைப் பக்கத்துப் பழைய முறைங்க, இப்ப ஆரும் செய்யறதில்ல" என்று உரக்கச் சொல்லிவிட்டார். சம்பந்தி வீடு கேட்டதோடு திருப்தியாகி, பந்திக்குப் போனது. இப்போது கணபதி, பல்லடம் பக்கம் நாலு கல்யாணத்தில் ஒன்றிலாவது பெற்றவர்கள் தள்ளி நின்றுதான் தாரை வார்க்கிறார்கள்.

பொங்கியண்ணன் மறுநாள் காலையிலும் கேட்டார். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ "வாங்க" என்று பதில் வந்தது. போய் உட்கார்ந்தார், காபி டம்ளரை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் தினமும் கேட்கிறார். சில நாள் சரி, சில நாள் வேண்டாம். மாதாமாதம் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாள் மாதிரி, அதற்கு அவர் காரணம் கேட்பதில்லை. வேண்டாம் என்கிற நாளில் நாற்காலியைத் தானே தள்ளிப் போட்டுக்கொள்கிறார்.