லீவு முடியும்வரை இரண்டு ஷிப்டு

முழுப்பரீட்சை லீவு விட்டதிலிருந்து பிலோமி தன் ஆறு வயது மகன் சுஜினை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்கு வந்தாள். அருப்புக்கோட்டையில் அந்தப் பவர்லூம் பட்டறையில் அவளுக்கும் கணவன் ஜான்ராஜுக்கும் ஒரே ஷிப்டு. பூட்டிய வீட்டில் மண்ணெண்ணெய் இருந்தது, தீப்பெட்டி இருந்தது. முந்தானையில் முடிந்திருந்த சாவி நாள் முழுக்கக் கனத்தது.

ஒருநாள் நூல் அறுந்ததைக் கவனிக்காமல் தறியை ஓட்டிவிட்டாள். முதலாளி திம்மையா வந்து நிறுத்தினார்.

“கண்ணு எங்கம்மா இருக்கு?”

“பிள்ளையப் பூட்டி வச்சிட்டு வந்திருக்கேன் மொதலாளி.”

அவர் அறுந்த நூலை எடுத்து முடிந்தார். பிறகு, “பள்ளிக்கூடம் தெறக்குற வரைக்கும் நீ காலையில வா. ஜான்ராஜு ரெண்டு மணிக்கு மேல வரட்டும். இப்பப் போயி மொதல்ல கதவத் தெற, தறிய நான் பாத்துக்கிறேன்” என்றார்.

“புருசன் பொண்டாட்டியப் பிரிச்ச பாவம் சும்மா விடாது மொதலாளி!” என்று பக்கத்துத் தறியிலிருந்து பாலாமணி கத்தினாள். ஜான்ராஜே சிரித்துவிட்டான்.

மறுநாள் இரண்டு மணிக்கு அவன் சுஜினைக் கூட்டிவந்து பட்டறை வாசலில் பிலோமியிடம் விட்டான். பிறகு தறிச் சத்தத்துக்குள் நுழைந்தான்.

தெருவில் நடக்கையில் பிலோமி பழக்கத்தில் முந்தானை முடிச்சைத் தடவினாள். அது வெறுமையாக இருந்தது. முன்னால் ஓடிய சுஜினின் விரலில் சாவி சுழன்றுகொண்டிருந்தது.