எதிர்வீட்டு வெங்காயம்

எனக்கு வயிற்றெரிச்சல்தான். மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது?

எதிர்வீட்டில் இருப்பவள் என் கொழுந்தன் மனைவி. சின்னவள் என்று கூப்பிடுவோம். அவளுக்குச் சமைக்க வராது. பொறாமையில் சொல்லவில்லை, அவள் புருஷனே சொல்வது. உப்பு போட்டால் காரத்தை மறந்துவிடுவாள். எங்கள் சொந்தத்தில் ஒரு விசேஷம் என்றால் கரண்டி என் கையில்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட என் சோற்றை வேண்டாம் என்றுவிட்டு, மாடிப்பெண் அவள் வீட்டில் போய்த் தின்றால் எனக்கு எப்படி இருக்கும்?

மாடிப்பெண் எங்கள் மாடியறையில் குடியிருக்கும் கல்லூரி மாணவி. வெளிநாட்டுக்காரி. வந்த கொஞ்ச நாளிலேயே நம் பேச்சை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் நாட்டில் சண்டை. வங்கியெல்லாம் மூடி, வீட்டிலிருந்து பணம் வருவது நின்றுவிட்டது. எங்கள் தெருவில் அவளைப் போலப் படிக்க வந்த பிள்ளைகள் இன்னும் ஏழெட்டுப் பேர். ஒரு ரொட்டியை வாங்கிப் பங்கு போட்டுத் தின்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனசு கேட்கவில்லை. சுடச்சுடச் சோறு, பருப்பு, முட்டை எல்லாம் டப்பாவில் போட்டு மாடிக்கு எடுத்துப்போனேன்.

“இப்பதான் ஆன்ட்டி சாப்பிட்டேன்” என்றாள்.

மறுநாளும் அதே பதில். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. துணி காயப்போட வந்தவள் தலை சுற்றி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன்.

“கூச்சப்படாதம்மா. ஏழை பாழைக்குப் போடறதுன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும்” என்று ஆறுதலாகச் சொன்னேன்.

அவள் முகம் செத்துவிட்டது. “பசியில்ல ஆன்ட்டி” என்று போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சல்லடை கேட்க எதிர்வீட்டுக்குப் போனால், அடுப்படியில் ஒரே கூத்து. ஒரு பையன் வெங்காயம் உரித்துக் கண்ணீர் விடுகிறான். ஒருத்தி பாத்திரம் தேய்க்கிறாள். நடுவில் சின்னவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “டேய், இதுதான் நறுக்கற லட்சணமா? யானைக்கா போடப்போறோம்?” என்று கத்துகிறாள். மாடிப்பெண் தரையில் சம்மணம் போட்டு, அந்தக் குழைந்த சோற்றை மறுசோறு வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். ஐயோ, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது!

சின்னவளைக் கூடத்துக்கு இழுத்துவந்தேன். “என்னத்தடி போட்டு மயக்கின?”

“நான் என்னக்கா மயக்கினேன்? கை வலிக்குது, கொஞ்சம் நறுக்கிக் குடுங்கன்னு கூப்பிட்டேன். வேலை செஞ்ச பிள்ளைங்க சாப்பிட்டுட்டுத்தானே போகணும்?”

“படிக்க வந்தவங்கள வேலை வாங்கறியே, வெட்கமா இல்ல?”

“எனக்கென்னக்கா வெட்கம்? நீங்க டப்பாவோட வந்து நின்னாத்தான் அவளுக்கு வெட்கமா இருக்காம்.”

மூஞ்சியில் அறைந்தது போல இருந்தது. சல்லடையும் வாங்காமல் வந்துவிட்டேன். அவள் சொன்னது கூடப் பெரிதில்லை. போயும் போயும் அவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லையே, அதுதான் எரிந்தது.

மறுநாள் காலையில் மாடிப்படியில் நின்று கத்தினேன். “ஏ பொண்ணே, எனக்கு இடுப்பு பிடிச்சிக்கிச்சு. அடுப்புல பானை கொதிக்குது, வந்து இறக்கிக் குடு!”

என் இடுப்புக்கு ஒன்றுமில்லை. அவள் தடதடவென்று ஓடிவந்து பானையை இறக்கினாள்.

“சும்மா நிக்காத. கேரட்ட நறுக்கு” என்று அதட்டினேன். எனக்கு நன்றாக அதட்ட வரும். இதுவரை அது புருஷனோடு நின்றிருந்தது.

நறுக்கினாள், கிளறினாள், பிறகு தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாம் முறை கேட்காமலே போட்டுக்கொண்டாள். என் வயிறு குளிர்ந்துபோயிற்று.

“எப்படி இருக்கு?”

“இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல ஆன்ட்டி. ஆனா, கேரட்ட நான் பெருசு பெருசா நறுக்கிட்டேன், நீங்க ஒண்ணுமே சொல்லல. எதிர்வீட்டு அம்மாவா இருந்தா கத்தியிருப்பாங்க.”

அம்மாவாம்! இத்தனை ருசியாகப் போட்ட நான் ஆன்ட்டி. உப்பில்லாமல் போட்டவள் அம்மா.

“தட்ட யாரு கழுவுவா, உங்க எதிர்வீட்டு அம்மாவா?” என்று பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்து அவள் பக்கம் வீசினேன்.

சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். நாளைக்கு அந்த வெங்காயப் பையனையும் கூப்பிடுவதாக இருக்கிறேன். எனக்கு இடுப்பு இன்னும் சரியாகவில்லை.