தடுப்புக்கு அந்தப் பக்கம்

ஓசூர் சிப்காட்டில் ராஜ்குமார் வேலை பார்த்த வால்வு கம்பெனிக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மூன்றும் சேர்ந்து கட்டும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குக் கடல்நீர் வால்வுகள். மூன்று கடற்படைகளும் தங்களுக்குள் ஒளிவுமறைவு வைத்துக்கொள்வதில்லை, ஆனால் வெளியார் கண்ணில் எதுவும் படக்கூடாது என்று கம்பெனியில் சொன்னார்கள். அதனால் ஷெட்டில் ஒரு பகுதியைத் தகரம் வைத்து அடைத்து, சிலருக்கு மட்டும் உள்ளே போகக் கார்டு கொடுத்தார்கள்.

தரம் பார்க்கும் பிரிவில் இருந்த அவன் மனைவி சுஜாதாவுக்குக் கார்டு கிடைத்தது. மிஷின் ஓட்டும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மத்திகிரியில் அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லோரிடமும் சொன்னான். ஆனால் டீ நேரத்தில் அவள், தடுப்புக்குள் கூட வேலை பார்த்த ஹரீஷ்குமாரோடு சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். என்ன சிரிப்பு என்று கேட்டால், வேலை விஷயம் என்பாள்.

"உள்ள அப்படி என்னதான் செய்றீங்க?" என்று ஒருநாள் கேட்டான்.

"கையெழுத்துப் போட்டிருக்கேன். கேக்காதீங்க."

"ஹரீஷுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாதா?"

"அவரு உள்ள வேலை செய்றாரு" என்றாள் சாதாரணமாக.

அந்தப் பதில் முள்ளாகத் தைத்தது. அடுத்த வாரம் ஆர்டர் கொடுத்த நாடுகளிலிருந்து வெள்ளைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களோடு எடுத்த படத்தைக் கேன்டீன் சுவரில் ஒட்டினார்கள். சுஜாதாவும் ஹரீஷும் தோளோடு தோள் நின்றிருந்தார்கள். ராஜ்குமார் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு மேனேஜர் முத்துமணியிடம் போனான். உள்ளே நடப்பதையெல்லாம் தன் மனைவி வீட்டில் சொல்கிறாள் என்றான்.

மறுநாளே கார்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். யார் சொன்னது என்பதையும் அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவள் அடுப்பு பற்றவைக்கவில்லை. அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் உங்ககிட்ட என்னா சொன்னேன்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

ஹரீஷின் பெயர் வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

காலையில் முத்துமணியிடம் போய், தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டான். அவள் பெயரை நீக்கியதை அந்த நாட்டுக்காரர்களுக்குத் தெரிவித்தாகிவிட்டது, இனி சேர்க்க மாட்டார்கள் என்றார் அவர்.

சுஜாதா மாதக் கடைசியில் வேலையை விட்டாள். அத்திப்பள்ளியில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். வீட்டில் சமைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அதற்குமேல் பேசுவதில்லை. காலையில் கம்பெனி பஸ் வரும்போது ராஜ்குமார் மொட்டைமாடியில் நின்று பார்க்கிறான். அவள் ஏறி ஜன்னலோரம் உட்காருவது தெரிகிறது. பக்கத்து சீட்டில் இருப்பது ஆணா பெண்ணா என்பதுதான் அங்கிருந்து தெரிவதில்லை.