பச்சையாக வந்த ஓடை

எங்கள் ஊர் விமான நிலையத்தில், இறக்கைகளில் பனி உறையாமலிருக்கத் தெளிக்கும் திரவம் பளிச்சென்ற பச்சை. தெளித்ததில் பெரும்பகுதி தரையில்தான் வழியும். அதைக் குளத்தில் தேக்கி, சுத்தம் செய்த பிறகே ஓடையில் விடவேண்டும். அப்படியே விட்டால் தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும்.

குளத்துக்குப் பொறுப்பாளர் மாரிட். அவள் கணவன் ஆன்சல், அந்த ஓடைத் தண்ணீரில் டிரவுட் மீன்குஞ்சு வளர்ப்பவன். ஆகவே குளத்து மதகு அவர்கள் வீட்டில் குடும்ப விவகாரம்.

மார்ச் மாதம் குளம் தளும்பியது. குளத்தருகே கட்டிய புதிய கார் நிறுத்துமிடத் திறப்பு விழாவில் சிவப்புக் கம்பளம் நனையக்கூடாதே என்று, விமான நிலைய நிர்வாகி பீஸ்லி யாரிடமும் சொல்லாமல் மதகைத் திறக்கச் செய்தார்.

அன்று செயிண்ட் பேட்ரிக் திருநாள், எல்லாமே பச்சையாக இருக்கவேண்டிய ஐரிஷ் பண்டிகை. ஊரே பச்சைத் தொப்பியும் பச்சை பீருமாகப் பாலத்தில் நின்றது. ஓடையும் பச்சையாக வந்ததும் ஒரே கைதட்டல்.

"இன்னைக்கு சிகாகோக்காரங்கதான் ஆத்துக்குப் பச்சைச் சாயம் போடணுமா? நம்மளும் போட்டுட்டோம்ல!" என்று மேயர் டார்லீன் மைக்கில் பூரித்தார். "யாரு வேலைப்பா இது?"

பீஸ்லி அடக்கமாகக் கையை உயர்த்தினார். "ஏர்போர்ட்டோட சின்ன அன்பளிப்பு, மேடம்."

கூட்டத்தில் நின்ற மாரிட் போனை எடுத்தாள். "ஆன்சல், பண்ணைக்குத் தண்ணி வர்ற வாய்க்காலை உடனே அடை."

"ஏண்டி, உங்க ஆளுங்களா?"

"எங்க ஆளுங்கதான். திட்டுறதை அப்புறம் திட்டு. முதல்ல அடை."

பீஸ்லி அவள் காதருகே குனிந்தார். "மாரிட், ஜனங்க எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாரு. வாயைத் திறந்தா திங்கட்கிழமை உனக்கு வேலை இல்லை."

அதற்குள் மேயர் ஒரு கண்ணாடி டம்ளரில் ஓடைத் தண்ணீரை மொண்டு, "ஊர் நல்லாருக்கணும்!" என்று உதட்டருகே கொண்டுபோனார்.

மாரிட் மைக்கைப் பிடுங்கினாள். "குடிக்காதீங்க மேடம்! அது சாயமில்லை. பிளேனுக்கு அடிச்ச மருந்து. குளத்து மதகைத் திறந்து விட்டுட்டாங்க."

மேயர் டம்ளரைப் பார்த்தார், பீஸ்லியைப் பார்த்தார். பிறகு அவரிடம் ரகசியமாக, "அடுத்த வருஷம் குடிக்கிற மாதிரி பச்சையா அனுப்ப முடியுமா?" என்றார்.

போன் அடித்தது. ஆன்சல்.

"அடைச்சுட்டேன். ஆனா வர்ற தண்ணியை நிறுத்தியாச்சுல்ல, குஞ்சுங்க மூச்சு விட ராத்திரி முழுக்கக் காத்து அடிக்கணும். ஒத்தை ஆளா முடியாது."

"எனக்கு வேலை போயிடுச்சு."

"நல்லதாப் போச்சு. வரும்போது சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வா. பச்சையா மட்டும் வேண்டாம்."

மாரிட் முதலில் மதகை மூடப் போனாள்.