ஈரம் காயாத வெள்ளைத் தரை

முந்தின நாள் மழை பாறைகளின் அடியில் கிடந்த வெள்ளைச் சுண்ணாம்புத் தரையை வழித்துத் துடைத்திருந்தது. டயர் தடமில்லை, ஒட்டகக் குளம்படி இல்லை. இப்படி அமைவது அபூர்வம். கோரைப்பற்கள் போல நிற்கும் அந்த இரட்டைப் பாறையை எத்தனையோ பேர் படமெடுத்துவிட்டார்கள், எல்லாரும் வெளியூர்க்காரர்கள். அக்தாவ் நகரக் கண்காட்சியில் இந்த வருஷம்தான் மங்கிஸ்தாவ் வட்டாரத்திலேயே பிறந்தவர்களின் படங்களுக்கென்று ஒரு சுவர். காலையில் படத்தைக் கொடுத்தாக வேண்டும். உல்மெக்கேனுக்கு இருந்தது இந்த ஒரு மாலைதான்.

ஜீப் ஓட்டி வந்தவர் அவள் கணவனின் அண்ணன் ஜெத்கெர்பாய். வழியெல்லாம் கிண்டல்.

“கல்லு எங்க ஓடிடப் போகுது பொண்ணே? டீ குடிச்சிட்டு எடேன்.”

“கல்லு ஓடாது மாமா. வெளிச்சம் ஓடிடும்.”

அவள் மேட்டு விளிம்பில் கேமரா முக்காலியை நிறுத்துவதற்குள் அவர் சுறாப்பல் பொறுக்கக் கீழே இறங்கிவிட்டார். ஒரு காலத்தில் கடலாக இருந்த மண். குனிந்து தேடினால் கிடைக்கும். குனிந்தபடியே அவர் வெள்ளைத் தரையை நெருங்கினார்.

“மாமா! நில்லுங்க! மாமா!”

காற்று குரலைப் பிடுங்கிக்கொண்டு போனது. போதாததற்கு அவர் காதை மூடிய தோல்தொப்பி. கணவனுக்கு மூத்தவர்களின் பெயர் மருமகள் வாயில் வரக்கூடாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒருமுறைகூட அவளும் சொன்னதில்லை.

அவர் காலைத் தூக்கினார்.

“ஜெத்கெர்பாய்!”

இரண்டு பாறைகளும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லின. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் திரும்பி, மூச்சிரைக்க மேட்டில் ஓடிவந்தார்.

“என்னாச்சு? விழுந்துட்டியா? பாம்பா?”

“ஒண்ணும் ஆகல. நீங்க கால வச்சிருந்தா என் படம் போயிருக்கும்.”

“அதுக்கா என் பேரச் சொன்ன?”

“அதுக்குத்தான்.”

மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. மேகம் விலகி, பாறை அடியிலிருந்து நுனிவரை சிவந்தது. அவள் கேமராமேல் குனிந்தாள். வெளிச்சம் இறங்கும்வரை நிமிரவில்லை.

கேமராவை நீட்டினாள். அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

“வீட்டுல சொல்லிடாத.”

“படத்தப் பத்தியா?”

“பேரப் பத்தி. படத்தப் பத்தி நானே சொல்லிக்கிறேன், ஊருக்கே. சீக்கிரம் ஏறு வண்டியில.”